கறுப்புக் கட்டையில் ஒரு ரப்பர் கொட்டை

முட்டுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளசுகளுக்குப் புரியாது என்றில்லை, அவர்களுக்குப் பொறுமை கிடையாது. எனக்கும்தான் இப்போது பொறுமை இல்லை. ஒரு மாதமாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் உலை கொதிக்கும்போது பாதியில் வாசலுக்கு வருகிறேன், வந்த பிறகு எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. சொல்லித் தொலைத்தால்தான் அடங்கும் போலிருக்கிறது.

எல்லாம் பேத்தியின் கீபோர்டால் வந்தது. மகன் கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்தபோது வாங்கி வந்தான். அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் விரல் பழைய இடத்திலேயே நிற்க, பாட்டு மட்டும் மேலே ஏறிக்கொள்ளும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பேத்தி பெருமையாக எனக்கு அதைக் காட்டினாள். நான் அவளை இரண்டு வார்த்தை பாராட்டியிருக்கலாம். "இந்த எழவு பொத்தான் அன்னைக்கு இருந்திருக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். பிள்ளை பாவம், முழித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு என்றால், எனக்குப் பதினொரு வயது. வீடு குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில். எங்களுக்கெல்லாம் மாதம் சொல்லக் காலண்டர் வேண்டாம் அப்போது. இலை உதிர்ந்தால் தை, காய் வெடித்தால் ஆவணி. வெயில் ஏறினதும் ரப்பர் காய் மரத்திலேயே வெடிக்கும். பட்டென்று ஒன்று, எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து இன்னொன்று. கொட்டை ஓட்டுக் கூரையில் விழுந்து உருளும். புதிதாக வந்தவர்கள் திடுக்கிட்டுத் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள். நான் சொல்கிற காரியம் நடந்தது அந்த வெடிச் சத்தத்துக்கு நடுவில்தான்.

அப்பா தோட்டத்து ஃபேக்டரியில் மேஸ்திரி. ரப்பர் பாலை உறைய வைத்து, மெஷினில் கொடுத்து, ஷீட்டாக அடிக்கிற இடம். உருளைகள் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. இருபது வருடம் அதற்குள் நின்றவர் அவர். வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். ரேடியோவை ஊருக்கே கேட்கிற மாதிரி வைப்பார். நாங்கள் ஏதாவது சொன்னால் இடது பக்கமாகத் தலையைத் திருப்பி, முகத்தைச் சுளித்து, "என்னது?" என்பார். எங்களுக்கு அது கோபமாகப் பட்டது. அப்பா எப்போதும் கோபமாக இருக்கிற மனிதர் என்றே நினைத்து வளர்ந்தோம். காது கேட்காத மனிதர் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்குக்கூட.

ஞாயிற்றுக்கிழமை அதே அப்பா ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பார். வெள்ளைக்காரத் துரையம்மா ஒருத்தி கப்பலில் கொண்டுவந்து விட்டுப்போன, காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன். முன்னால் வாசித்தவர் இறந்துபோக, வேறு ஆளில்லாமல் அப்பா தானே முயன்று பழகிக்கொண்டார். பழகிய விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பழைய காலண்டர் அட்டையில் கீற்றுப் போல ஒரு துண்டு வெட்டி, அதில் டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ, மறுபடி டோ என்று, நம் சரிகமபதநி போல, சரியான இடைவெளியில் மையால் எழுதிக்கொண்டார். அதை வெள்ளைக் கட்டைகளுக்குப் பின்னால் செருகி வைப்பார். பாட்டுப் புத்தகத்தில் எந்த எழுத்து வருகிறதோ, அட்டையில் அந்த எழுத்துக்கு நேரே இருக்கிற கட்டையை அமுக்குவார். அவ்வளவுதான் அவர் சங்கீதம். ஒரு சபையே அதை நம்பிப் பாடியது.

கறுப்புக் கட்டைகளை அவர் தொடவே மாட்டார். எங்களையும் தொட விடமாட்டார். அவை சினிமாப் பாட்டுக்கு உள்ளவை, கர்த்தருடைய பாட்டுக்கு வெள்ளையே போதும் என்பார். நானும் ரொம்ப நாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன். கறுப்புக் கட்டையில் தூசி பிடித்திருந்தால் மூச்சால் ஊதித்தான் துடைப்பேன்.

இனி அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு, அப்பாவின் ஃபேக்டரியிலேயே ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ராத்திரி அவள் பக்கத்தில் படுத்தால் தலைமுடியெல்லாம் புகையும் புளித்த பாலும் மணக்கும். ஆனால் பாட்டு! அவள் வாய் திறந்தால் காய் வெடிக்கிற சத்தம்கூட எரிச்சலாக இருக்கும் எனக்கு, குறுக்கே வருகிறதே என்று.

அந்த வருடம் சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குப் பேராயரோடு நாகர்கோவிலிலிருந்து ஒரு பெரிய டீச்சரும் வருவதாகச் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் சொன்னார். அவர்கள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் தேவை. விடுதியிலேயே தங்கிக்கொள்ளலாம், மேல்படிப்பும் படிக்க வைப்பார்கள். ஆராதனையில் அக்கா தனியாக ஒரு பாட்டுப் பாடட்டும், அந்த அம்மா கேட்கட்டும் என்றார் உபதேசியார். அக்கா அன்றைக்கே பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். பழைய சேலையைக் கிழித்து இரண்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டாள். புகைப்புரையிலிருந்து வெளியே போக அவளுக்கு அது ஒன்றுதான் வழி. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அக்கா போய்விட்டால் அந்த வீட்டில், அந்தக் கத்தலுக்கு நடுவில், நான் யாரோடு படுப்பது?

அக்காவுக்குக் கொடுத்த பாட்டு ஆரம்பிக்கிற இடம் கீழ்ச் சுரத்தில் கிடந்தது. எப்போதும் வைக்கிற இடத்தில் அட்டையை வைத்தால் அக்காவின் குரல் அந்தப் பள்ளத்துக்கு இறங்கவில்லை, காற்றுதான் வந்தது. அப்பா யோசித்தார். டோ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பாட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்தில் போட்டிருக்கிறதே! அட்டையை உருவி, ஒரு வெள்ளைக் கட்டை வலது பக்கமாகத் தள்ளி வைத்தார். அவ்வளவுதான், பாட்டு ஒரு படி ஏறிவிட்டது என்று நினைத்தார். நாங்களும் அப்படியே நினைத்தோம். அதைப் பார்த்து உபதேசியார் அப்பாவின் மூளையை மெச்சினார்.

அன்றிலிருந்து அக்காவுக்குக் கெட்ட காலம். முதல் இரண்டு சுரம் ஒழுங்காக வரும். மூன்றாவதில், அந்த மியில், அவள் குரலும் ஆர்கனும் ஒன்றையொன்று கடிக்கும். மேலே டீயிலும் அதே கதை. மற்ற இடமெல்லாம் சரியாகச் சேரும். ஒத்திகைக்கு ஒத்திகை அப்பா நிறுத்தி நிறுத்தித் திட்டினார். கேட்டுத் திட்டினாரா, மற்றவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துத் திட்டினாரா என்று இப்போது யோசிக்கிறேன். பெண்கள் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு வந்தது. பிள்ளைக்குப் புகையடித்துத் தொண்டை போய்விட்டது என்றார்கள். உபதேசியாரே தலையை ஆட்டிவிட்டு, சுருதி நிற்கவில்லையே என்றார். ஆர்கன் தப்பாக இருக்கும் என்று யாராவது நினைப்பார்களா? அது கப்பலில் வந்தது. அக்கா அவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

ஆலயத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்வது சபைக் குடும்பங்களுக்கு முறை வைத்து வரும். பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் முறை. அக்காவும் நானும் போனோம். பாதி பெருக்கியதும் அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, ஆர்கன் முன்னால் என்னை உட்கார வைத்தாள். நான் டோவை அமுக்கினேன், அப்பாவின் புது இடத்தில். அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாக ஏறினாள். ரே சரி. மிக்கு வந்ததும் கட்டை வேறு சொன்னது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சுரத்தை விடாமல் பிடித்தபடி கண்ணைக் காட்டினாள், தேடு என்று. அடுத்த வெள்ளையை அமுக்கினேன், அது அதிகம். இரண்டுக்கும் நடுவில் பாக்கி இருந்தது அந்தக் கறுப்பு ஒன்றுதான். அதைத் தொட்டேன். அவள் குரலும் ஆர்கனும் ஒன்றுக்குள் ஒன்று போய், ஆர்கன் சத்தம் தனியாகக் கேட்கவில்லை.

பாவாடையில் ரப்பர் கொட்டை முடிந்து வைத்திருந்தேன், கல்லில் தேய்த்து அடுத்தவர் கையில் சூடு வைக்கிற சுடுகொட்டை விளையாட. அக்காவின் குரல் எந்தக் கட்டையில் சேர்ந்ததோ அதன் மேலெல்லாம் ஒவ்வொரு கொட்டையாக வைத்துக்கொண்டு போனேன். எட்டுக் கொட்டை. இரண்டு கறுப்பில் உட்கார்ந்திருந்தன, மிக்கு ஒன்று, டீக்கு ஒன்று. பிறகு அப்பாவின் பழைய இடத்தில் ஆரம்பித்து இன்னும் எட்டுக் கொட்டை வைத்தேன். அங்கே எல்லாம் வெள்ளை. ஆனால் உற்றுப் பார்த்தால் இரண்டு வரிசையும் ஒன்றேதான். கறுப்பு வெள்ளை என்று பார்க்காமல் எல்லாக் கட்டையையும் எண்ணினால், ஒரு கட்டை விட்டு ஒரு கொட்டை, மறுபடி ஒன்று விட்டு ஒன்று, பிறகு மிக்கும் ஃபாவுக்கும் நடுவில் ஒன்றுமில்லை, ஒட்டினாற்போல் இரண்டு. அப்புறம் மூன்று முறை ஒன்று விட்டு ஒன்று. கடைசியில் டீயும் டோவும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வெள்ளையிலிருந்து வைத்துப் பார்த்தேன். அதே கணக்கு, ஒரு கறுப்பு மட்டும் வந்தது. எங்கிருந்து தொடங்கினாலும் இதே கணக்கு! அப்பா அட்டையைத் தள்ளினார், ஆனால் இந்தக் கணக்கைத் தள்ளவில்லை. வெள்ளைகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் ஒரே தூரம் என்று நினைத்துவிட்டார். இரண்டு இடத்தில் நடுவில் கறுப்பு கிடையாது, அங்கே தூரம் பாதிதான். நம் வயதில் எத்தனையோ படித்தாகிவிட்டது, ஆனால் தானாக ஒன்று புரிந்த அந்தச் சந்தோஷம் எனக்குப் பிறகு கிடைக்கவேயில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா முற்றத்தில் சவரம் செய்துகொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன், மி கறுப்பில் இருக்கிறது என்று. முதலில் கேட்கவில்லை அவருக்கு. இரண்டாம் தடவை கத்திச் சொன்னேன். கேட்டதும் முகம் மாறியது. கறுப்புக் கட்டையைத் தொட்டாயா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சோப்பு நுரையோடு ஒரு அடி விழுந்தது கன்னத்தில். அதோடு நான் வாயை மூடினேன். சாயங்காலம் அக்கா அவர் முன்னால் போய் நின்று, ஆர்கன் இல்லாமல் பாடட்டுமா என்று கேட்டாள்.

"ஆர்கன் இல்லாமப் பாடுகதுக்கு இது என்ன நடவு வயலா?" என்றார் அப்பா.

மறுநாள் ஆலயம் நிறைந்திருந்தது. வெளியே அசனத்துக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது, பருப்பும் நெய்யும் மணந்தது. நான் பக்கம் புரட்ட அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பாடினாள். மி வந்த இடத்திலெல்லாம் ஆர்கன் அவளைக் கடித்தது. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆர்கனோடு தானும் இறங்கியிருந்தால் அரைகுறையாகவாவது ஒப்பேறியிருக்கும், ஆனால் அவள் தன் சுரத்திலேயே நின்றாள். சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆராதனை முடிந்து எல்லோரும் பந்தலுக்குப் போனபோது, அந்தப் பெரிய டீச்சர் நேராக ஆர்கனிடம் வந்தார். வெள்ளைச் சேலை, ஒல்லியான உடம்பு. அட்டையைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார், லேசாகச் சிரித்தார். பிறகு குனிந்து, நேற்று என் ரப்பர் கொட்டை உட்கார்ந்திருந்த அதே கறுப்புக் கட்டையில் விரலை வைத்தார்.

"ஐயா, மூணாவது இங்க வரணும். ஏழாவதுக்கும் அடுத்த கறுப்பு. பிள்ளை சரியாத்தான் பாடினா, இவ்வளவு சத்தத்திலயும் அசையல்ல. காலாண்டு லீவு முடிஞ்ச மறுநாள் அனுப்பி வையுங்க."

அப்பாவின் காதுக்குப் பக்கத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரே பார்வையில் அவருக்குக் காதும் தெரிந்துவிட்டது போல. அப்பா எழுந்து நின்று தலையாட்டினார். பேராயரின் கார் அடுத்த சபைக்குக் கிளம்ப ஹாரன் அடித்தது, அந்த அம்மா போய்விட்டார். அப்பா அட்டையை உருவி, இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்தார். அவர் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

பந்தலில் அம்மாவும் அக்காவும் இலை முன்னால் உட்காராமல் எங்களுக்காகக் காத்து நின்றார்கள். அம்மா கேட்டாள், என்ன சொன்னார்கள் என்று. சுருதி நிற்கவில்லையாம், வேறு பிள்ளை பார்த்துக்கொள்கிறார்களாம் என்றார் அப்பா. அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படியே சொன்னாவளா?"

"இவளும் கூடத்தான் நின்னா. கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு தலையசைப்பில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கலாம். முந்தின நாள் அடி கன்னத்தில் இன்னும் இருந்தது, உண்மைதான். ஆனால் பயம் மட்டும் இல்லை, இத்தனை வயதுக்குப் பிறகு பொய் சொல்லி என்ன செய்யப்போகிறேன். அக்கா இனி போகமாட்டாள் என்று உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. "ஆமா" என்றேன். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் முறை பருப்பு வாங்கினேன்.

அக்கா அதன் பிறகு பாடவில்லை. கொயரில் கடைசி வரிசைக்குப் போனாள், உதடு அசையும், சத்தம் வராது. தகரப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றச் சொல்லி அம்மா பலமுறை சொல்லிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் கிடக்கட்டும் என்றாள் அக்கா. கடிதம் எதுவும் வந்ததா, வந்து அப்பா கிழித்தாரா, எனக்குத் தெரியாது. அவள் புகைப்புரையிலேயே நின்றாள், கல்யாணம் முடிந்த பிறகும் வேறொரு புகைப்புரைக்குப் போனாள். அப்பாவுக்கு வயதான காலத்தில் காதுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போனார். வந்து கழற்றி அலமாரியில் வைத்தவர், சாகும்வரை அதை எடுக்கவில்லை. அவரை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது, எது முதலில் வரும் என்று எனக்கே தெரிவதில்லை.

போன மாதம் கண் ஆபரேஷனுக்காக அக்கா என் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். முன்னறையில் பேத்தி அந்தப் பொத்தானை விட்டுவிட்டு விரலால் பழகிக்கொண்டிருந்தாள், இரண்டாவது வெள்ளையிலிருந்து மேலே. மூன்றாவதில் தப்பினாள். மறுபடி தப்பினாள்.

"அது இல்ல மக்கா, அடுத்த கறுப்பு" என்று அக்கா இங்கிருந்தே குரல் கொடுத்தாள், கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குக் கை நின்றுவிட்டது. ஐம்பது வருடத்துக்கு மேலாக, அந்தப் பெரிய டீச்சரே சொல்லிவிட்டார் என்று அவள் தன் பாட்டைத் தப்பென்று நம்பிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நான் வெந்துகொண்டிருந்தேன். உன் சுருதி அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது அக்கா என்றேன். அது எனக்குத் தெரியாதா என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தைரியம் வந்து, மிச்சத்தையும் சொன்னேன். அந்த அம்மா வந்தது, விரல் வைத்தது, அனுப்பி வையுங்கள் என்றது, நான் ஆமா என்றது, எல்லாம். இறக்கி வைத்துவிட்டால் இருவருக்கும் பாரம் குறையும் என்று நினைத்தேன், முட்டாள்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"எப்பம் வரச் சொன்னாவ?"

"காலாண்டு லீவு முடிஞ்ச மறுநாள்."

முன்னறையில் பேத்தி இப்போது சரியாக வாசித்துக்கொண்டிருந்தாள், மேலே போய்க் கீழே வந்து, மறுபடி மேலே போய்.

"நான் சரியாப் பாடினேன்னு எனக்குத் தெரியும் பிள்ளே. அதனாலதான் பெட்டிய அடுக்கி வச்சிருந்தேன், எப்படியும் ஆள் வரும்னு. சரியாப் பாடியும் கூப்பிடல்லியேன்னு நெனச்சாக்கும் நான் வாயை மூடினது."

சொல்லிவிட்டு மீதிக் கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். அன்றிலிருந்துதான் இப்படி, அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.